எர்ரர் பூஜ்ஜியம்... ஆனா போர்டு வேலை செய்யலை! சர்க்யூட் டிசைன் மென்பொருளில் பவர் இணைப்புகளைப் பிரிப்பது எப்படி?

ஸ்கீமாட்டிக் வரைஞ்சாச்சு, லேஅவுட்டும் முடிஞ்சாச்சு. மென்பொருளின் சோதனையில் ஒரு எர்ரர்கூட இல்லை. ஃபைலை ஃபேக்டரிக்கு அனுப்பி, காத்திருந்து, போர்டு கைக்கு வந்ததும் பாகங்களை சால்டர் செய்து பவர் கொடுத்தால், ஒரே ஒரு ஐசி மட்டும் உயிரில்லாமல் கிடக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், அந்த ஐசியின் பவர் பின்னுக்கு மின்சாரமே வரவில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தனித்தனியாக இருக்க வேண்டிய 5 வோல்ட் லைனும் 3.3 வோல்ட் லைனும் எங்கேயோ ஒன்று சேர்ந்திருக்கும். பவர் கொடுத்த நொடியில் சிப் சூடாகிவிடும், சில நேரம் புகையே வந்துவிடும்.

ரெண்டு பிரச்னைக்கும் பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான். டிசைன் மென்பொருள் பவர் இணைப்புகளைக் கோடு பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை, பெயர் பார்த்தும் முடிவு செய்கிறது. அந்தப் பெயர்களை எப்படிக் கையாள்வது, எங்கெல்லாம் கவனம் தேவை? இலவச மென்பொருளான கீகேடை உதாரணமாக வைத்து விரிவாகப் பார்க்கலாம்.

பவர் சிம்பல் என்றால் என்ன?

ஒரு சர்க்யூட்டில் ஒன்றோடொன்று மின்சாரம் தொடர்புள்ள எல்லா பின்களையும் சேர்த்து ஒரு ‘நெட்’ என்கிறது மென்பொருள். சிக்னல் லைன்களை நாம் கோடு போட்டு இணைத்துவிடலாம். ஆனால் பவரும் கிரவுண்டும் ஏறக்குறைய எல்லா ஐசிக்கும் போக வேண்டும். அத்தனைக்கும் கோடு இழுத்தால் ஸ்கீமாட்டிக் நூல்கண்டு மாதிரி சிக்கிவிடும்.

அதற்காக வந்ததுதான் பவர் சிம்பல். ஜிஎன்டி, ப்ளஸ் 5வி, 3வி3 என்று பெயர் போட்ட சின்னச் சின்ன குறியீடுகள். ஒரே பெயருள்ள பவர் சிம்பல்கள் எங்கே இருந்தாலும் மென்பொருள் அவற்றை ஒரே நெட்டாகச் சேர்த்துவிடும். வழக்கமான பவர் சிம்பலுக்குப் பக்கக் கணக்குகூடக் கிடையாது. முதல் ஷீட்டில் உள்ள ஜிஎன்டியும் ஐந்தாவது ஷீட்டில் உள்ள ஜிஎன்டியும் ஒன்றுதான்.

இங்கே குறியீட்டின் படம் முக்கியமில்லை. கீகேடின் இப்போதைய பதிப்புகளில், அந்தக் குறியீட்டின் ‘வேல்யூ’ என்ற இடத்தில் எழுதியிருக்கும் பெயர்தான் நெட்டின் பெயர். அம்புக்குறி மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் மென்பொருளுக்குக் கவலையில்லை.

விசிசி, விடிடி, ப்ளஸ் 5வி... எல்லாம் ஒண்ணுதானே?

நமக்கு ஒண்ணாக இருக்கலாம், மென்பொருளுக்கு இல்லை.

விசிசி என்ற பெயர் பைபோலார் டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையிலிருந்து வந்தது. விடிடி என்பது ஃபீல்டு எஃபெக்ட் டிரான்சிஸ்டரின் டிரெய்ன் முனையிலிருந்து வந்தது. விஇஇ எமிட்டரையும், விஎஸ்எஸ் சோர்ஸையும் குறிக்கும். சிப் தயாரிப்பாளர்கள் அவரவர் பழக்கப்படி டேட்டாஷீட்டில் ஏதாவது ஒரு பெயரைப் போடுகிறார்கள். ஒரே 5 வோல்ட்டில் ஓடும் ரெண்டு சிப்களில் ஒன்றின் பின் விசிசி என்றும், இன்னொன்றின் பின் விடிடி என்றும் இருக்கலாம்.

நீங்கள் ஓரிடத்தில் விசிசி சிம்பலையும், இன்னோரிடத்தில் ப்ளஸ் 5வி சிம்பலையும் வைத்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அவை ரெண்டு வெவ்வேறு நெட். நடுவில் கோடு போட்டு இணைக்காதவரை லேஅவுட்டிலும் அவை சேராது.

இதைத் தவிர்க்க எளிய வழி: பவர் நெட்டுக்கு வோல்டேஜையே பெயராக வைப்பது. ‘விசிசி’ என்றால் எத்தனை வோல்ட் என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது. ‘ப்ளஸ் 5வி’, ‘3வி3’ என்றால் யார் பார்த்தாலும் புரியும். ஒரே வோல்டேஜில் ரெண்டு சப்ளை இருந்தால், எங்கிருந்து வருகிறது என்பதையும் பெயரில் சேர்த்துவிட வேண்டும்.

யூஎஸ்பி இதற்கு நல்ல உதாரணம். கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்து வருவதும் 5 வோல்ட், வெளி அடாப்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வருவதும் 5 வோல்ட். ரெண்டுக்கும் ப்ளஸ் 5வி என்றே பெயர் வைத்துவிட்டால், அடாப்டரின் மின்சாரம் கம்ப்யூட்டரின் போர்ட்டுக்குள்ளேயே திரும்பிப் பாயும் வாய்ப்பு இருக்கிறது. யூஎஸ்பி பக்கத்துக்கு ‘விபஸ்’ என்று தனிப் பெயர் கொடுத்து, நடுவில் டயோடோ மாஸ்ஃபெட்டோ வைத்துப் பிரிப்பதுதான் சரியான முறை.

ஐசியின் பவர் பின் எங்கே போச்சு?

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. 74எச்சி00 என்ற ஐசியை எடுத்துக்கொள்வோம். 14 பின், உள்ளே 4 நாண்ட் கேட். ஸ்கீமாட்டிக்கில் வைத்தால் ஒரு கேட் மட்டும்தான் வரும். மற்ற மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். சரி, பவருக்கான 14-ஆம் பின்னும் கிரவுண்டுக்கான 7-ஆம் பின்னும் எங்கே?

கீகேடின் இப்போதைய நூலகத்தில் அவை ஐந்தாவது யூனிட்டாகத் தனியே இருக்கின்றன. எல்எம்324 ஆப்-ஆம்ப்பும் இதே மாதிரிதான். நான்கு ஆம்ப்ளிஃபையர் போக, 4-ஆம் பின்னும் 11-ஆம் பின்னும் அடங்கிய பவர் யூனிட் தனி. அதையும் எடுத்து ஸ்கீமாட்டிக்கில் வைத்து, எந்த சப்ளையோடு சேர வேண்டுமோ அதோடு இணைக்க வேண்டும். மறந்துவிட்டால் ஐசிக்கு மின்சாரம் போகாது. பவர் பின் உள்ள யூனிட் வைக்கப்படவில்லை என்று புதிய பதிப்புகளின் ஈஆர்சி, அதாவது மின் விதிச் சோதனை, எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை ‘சும்மா வார்னிங்தானே’ என்று கடந்துபோகக் கூடாது.

இது வேலை கூட்டுகிற மாதிரி தோன்றலாம், ஆனால் இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அதே எல்எம்324-ஐ ஒற்றை 5 வோல்ட்டிலும் ஓட்டலாம், ப்ளஸ் 12, மைனஸ் 12 என்று இரட்டை சப்ளையிலும் ஓட்டலாம். எதில் ஓட்டுவது என்பதை நீங்களே கண்ணெதிரே தீர்மானிக்கிறீர்கள்.

மறைந்திருக்கும் பின்: பழைய நூலகங்களின் பொறி

பழைய சிம்பல்களில் கதை வேறு. பவர் பின்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கும். கீகேடில் ‘பவர் இன்புட்’ வகையைச் சேர்ந்த ஒரு பின் மறைந்திருந்தால், அது தன் பெயரிலேயே உள்ள நெட்டோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். பின்னின் பெயர் விசிசி என்றால், அது விசிசி நெட்டுக்குப் போய்விடும்.

உங்கள் போர்டில் விசிசி என்ற பெயரே இல்லாமல் ப்ளஸ் 5வி மட்டும் இருந்தால்? மறைந்திருக்கும் விசிசி பின்கள் எல்லாம் தங்களுக்குள் மட்டும் கைகோத்துக்கொண்டு, மின்சாரம் வராத தனித் தீவாக நிற்கும். விசிசி என்பதை நீங்கள் 12 வோல்ட்டுக்கு வைத்திருந்தால்? 6 வோல்ட்டுக்கு மேல் ஓட்டக் கூடாத 74எச்சி ஐசிக்கு 12 வோல்ட் போய்ச் சேரும்.

இணையத்திலிருந்து இறக்கிய சிம்பலோ, நண்பர் கொடுத்த பழைய நூலகமோ எதுவானாலும், மறைந்த பின்களைக் காட்டும் வசதியை ஆன் செய்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஈகிளிலிருந்து மாறுபவர்கள் எதைக் கவனிக்கணும்?

இந்த விஷயம் இப்போது முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனியின் காட்சாஃப்ட் உருவாக்கிய ஈகிள் மென்பொருளை 2016-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு ஈகிள் நிறுத்தப்படும் என்று 2023-ல் அறிவித்தது. அதனால் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த ஈகிள் ஃபைல்களைப் பலரும் வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. கீகேடிலும் அவற்றைத் திறக்க முடியும்.

ஈகிளில் லாஜிக் ஐசிகளின் பவர் பகுதி தானாகத் திரையில் வராது. நீங்கள் அதைத் தொடாவிட்டால், விசிசி, ஜிஎன்டி என்ற பெயர்களில் உள்ள நெட்டுகளோடு அது தானாகச் சேர்ந்துவிடும். வேறு சப்ளையில் இணைக்க வேண்டுமென்றால் ‘இன்வோக்’ என்ற கட்டளையைக் கொடுத்து அந்தப் பகுதியை வெளியே எடுக்க வேண்டும். ஆக, பழைய ஈகிள் ஸ்கீமாட்டிக்கில் பவர் இணைப்பு கண்ணுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். கீகேடுக்குக் கொண்டுவந்ததும் ஒவ்வொரு ஐசியின் பவர் பின்னும் எந்த நெட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவசியம்.

பவர் ஃபிளாக் எதுக்கு?

கீகேடில் முதன்முதலாக ஈஆர்சி ஓட்டும் ஏறக்குறைய எல்லோரையும் திணறடிக்கும் எர்ரர் ஒன்று உண்டு. பவர் இன்புட் பின்னுக்கு எந்த பவர் அவுட்புட் பின்னும் மின்சாரம் தரவில்லை என்பது அதன் சாரம். ‘கனெக்டரிலிருந்து கோடு போட்டிருக்கேனே, அப்புறம் ஏன்?’ என்று கேட்கத் தோன்றும்.

கனெக்டரின் பின்னை மென்பொருள் ‘பாசிவ்’ வகையாகத்தான் பார்க்கிறது. அதில் பேட்டரி மாட்டப்போகிறீர்களா, பல்பு மாட்டப்போகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. ‘இந்த நெட்டுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது’ என்று நாம் சொல்வதுதான் பவர் ஃபிளாக். பிளஸ் லைனுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று வைத்தால் எர்ரர் போய்விடும்.

ஃபியூஸ், டயோடு, ஃபெரைட் பீட் ஆகியவற்றைத் தாண்டினால் அது வேறு நெட். அங்கே பவர் இன்புட் பின் இருந்தால் இன்னொரு ஃபிளாக் தேவைப்படும். ரெகுலேட்டரின் அவுட்புட் பின் பொதுவாக ‘பவர் அவுட்புட்’ வகை என்பதால் அங்கே ஃபிளாக் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பவர் ஃபிளாக் மின்சாரம் தராது, எர்ரரை மட்டும்தான் நிறுத்தும். பெயர் தப்பாகி எதோடும் சேராமல் நிற்கும் ஒரு நெட்டில் ஃபிளாக்கைக் குத்திவிட்டால், ஈஆர்சி பூஜ்ஜியம் எர்ரர் காட்டும். போர்டு மட்டும் வேலை செய்யாது. எர்ரர் வந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘மின்சாரம் எங்கிருந்து இங்கே வருகிறது?’ என்பதைத்தான். அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் ஃபிளாக்.

ஒரே போர்டில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் இருந்தால்?

ஈஆர்சி பின்களின் வகையைத்தான் பார்க்கும், வோல்டேஜைப் பார்க்காது. 3.0 முதல் 3.6 வோல்ட் வரை ஓட வேண்டிய இஎஸ்பி32-க்கு ப்ளஸ் 5வி சிம்பலை வைத்தாலும் மென்பொருள் வாய் திறக்காது.

பவர் சரியாக இருந்தாலும் சிக்னலில் சிக்கல் வரலாம். 5 வோல்ட்டில் ஓடும் 74எச்சி வகை ஐசி, சுமார் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ‘ஒன்று’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் சிக்னல் அதற்குப் போதாது. 74எச்சிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். எதிர்த்திசையில், 5 வோல்ட் சிக்னல் 3.3 வோல்ட் சிப்பைக் கெடுத்துவிடும்.

இதற்காக லெவல் ஷிஃப்டர் ஐசிகள் இருக்கின்றன. உதாரணமாக டிஎக்ஸ்பி0104-க்கு ரெண்டு பவர் பின்: விசிசிஏ, விசிசிபி. விசிசிஏ 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, விசிசிபியைவிட அதிகமாகவும் இருக்கக் கூடாது. 3.3 வோல்ட்டை ஏ பக்கமும், 5 வோல்ட்டை பி பக்கமும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் மென்பொருள் கண்டுபிடிக்காது. அது நம் கண்ணின் வேலை.

அனலாக் பவரும் அனலாக் கிரவுண்டும்

ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் விசிசி என்று ஒரு பின், ஏவிசிசி என்று ஒரு பின். ரெண்டாவது அனலாக் பகுதிக்கானது. அனலாக் வசதியைப் பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு பவர் கொடுத்தே ஆக வேண்டும். பயன்படுத்தினால் ஒரு இண்டக்டர், ஒரு கெப்பாசிட்டர் வழியாக வடிகட்டிக் கொடுக்கச் சொல்கிறது டேட்டாஷீட். இண்டக்டரைத் தாண்டியதும் அது தனி நெட், அதற்குத் தனிப் பெயர்.

கிரவுண்டைப் பிரிக்கும்போது வேறொரு சிக்கல் வரும். ஜிஎன்டிஏ, ஜிஎன்டி என்று ரெண்டு பெயர் வைத்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் சேர்க்க நினைக்கிறோம். கோடு போட்டுச் சேர்த்தால் மென்பொருள் ரெண்டையும் கலந்து ஒரே நெட்டாக்கி, ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொள்ளும். பிரித்ததே வீணாகிவிடும். இதற்குத்தான் ‘நெட் டை’ என்ற பாகம் இருக்கிறது. மென்பொருளின் கண்ணுக்கு ரெண்டு நெட், போர்டில் அந்த ஓரிடத்தில் மட்டும் செம்பு சேர்ந்திருக்கும்.

உயிருக்கே ஆபத்தாகும் ஒரு சிம்பல்

இதுவரை சொன்ன தவறுகளில் பெரும்பாலும் போவது சிப்பும் காசும்தான். வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் போர்டில் அப்படியில்லை.

230 வோல்ட் ஏசியை டயோடு பிரிட்ஜில் மாற்றினால் சுமார் 325 வோல்ட் டிசி கிடைக்கும். அந்தப் பக்கத்து ‘மைனஸ்’ லைன் பெயருக்குத்தான் கிரவுண்டு, தொட்டால் ஷாக் அடிக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆப்டோகப்ளருக்கும் அந்தப் பக்கம் உள்ள 5 வோல்ட் பகுதியின் கிரவுண்டு வேறு. யூஎஸ்பி வழியாக நம் கை படுவது அதில்தான்.

ரெண்டு பக்கமும் பழக்கதோஷத்தில் ஒரே ஜிஎன்டி சிம்பலை வைத்துவிட்டால், மென்பொருள் ரெண்டையும் சேர்த்துவிடும். ஆப்டோகப்ளர் இருந்தும் பயனில்லை. ‘தனி ஷீட்டில்தானே வரைஞ்சேன்’ என்பது இங்கே காப்பாற்றாது, மேலே சொன்னபடி வழக்கமான பவர் சிம்பலுக்கு ஷீட் எல்லை கிடையாது.

மெயின்ஸ் பக்கத்துக்கு முற்றிலும் வேறு பெயர், முடிந்தால் வேறு வடிவச் சிம்பல் வைக்க வேண்டும். லேஅவுட்டில் ரெண்டு பக்கத்துக்கும் நடுவே ஐஇசி 62368-1 போன்ற பாதுகாப்புத் தரநிலை சொல்லும் இடைவெளி இருக்க வேண்டும். 2025-ல் வந்த கீகேட் 9-ல், போர்டின் மேற்பரப்பு வழியாக உள்ள இந்த இடைவெளியைச் சோதிக்கும் வசதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் முதல்முறை செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தாங்களாக முயலாமல், தயாராகக் கிடைக்கும் தரச்சான்று பெற்ற அடாப்டரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

லேஅவுட்டில் என்ன பார்க்கணும்?

பெயர்கள் சரியாக இருந்தால் லேஅவுட்டில் பாதி வேலை முடிந்த மாதிரி. பவர் நெட்டுகளை ஒரு தனி ‘நெட் கிளாஸ்’ ஆக்கி, தடிமனான டிராக் அகலத்தைக் கொடுத்துவிடலாம். ஐபிசி-2221 கணக்குப்படி, வெளி லேயரில் 1 அவுன்ஸ் செம்பில் 1 ஆம்பியர் மின்னோட்டம் 10 டிகிரி செல்சியஸ் வெப்ப உயர்வோடு போக, சுமார் 0.3 மில்லிமீட்டர் அகலம் தேவை. 2 ஆம்பியருக்கு அது சுமார் 0.8 மில்லிமீட்டராகிவிடும். மின்னோட்டம் இரட்டிப்பானால் அகலமும் இரட்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

செம்புப் பரப்பை நிரப்பும்போது அது எந்த நெட்டுக்கானது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரெகுலேட்டரின் உலோகப் பகுதியிலும் கவனம் தேவை. 7805-ன் முதுகுப் பகுதி கிரவுண்டு. ஆனால் ஏஎம்எஸ்1117-ன் அகலமான டேப் கிரவுண்டு கிடையாது, அது அவுட்புட். பழக்கத்தில் அதை கிரவுண்டு செம்போடு சேர்த்தால் நேரடி ஷார்ட்தான்.

ஆர்டர் போடும் முன்...

1. எல்லா பவர் நெட்டுகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் வோல்டேஜ், எங்கிருந்து வருகிறது, எந்தெந்த ஐசிக்குப் போகிறது என்று குறியுங்கள். வோல்டேஜ் எழுத முடியாத பெயர் இருந்தால் அங்கேதான் தவறு.

2. ஒவ்வொரு நெட்டையும் ஹைலைட் செய்து, மூலத்திலிருந்து கடைசி பின் வரை பாருங்கள். ஒரே ஒரு பின் மட்டும் உள்ள பவர் நெட் இருந்தால் அது சந்தேகத்துக்குரியது.

3. எல்லா ஐசிகளுக்கும் பவர் யூனிட் வைத்தாச்சா, மறைந்த பின் ஏதும் இருக்கா என்று பாருங்கள்.

4. ஒவ்வொரு பவர் ஃபிளாக்கையும் ‘இது ஏன் இங்கே இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எடுத்துவிட்டு மறுபடி ஈஆர்சி ஓட்டுங்கள்.

5. போர்டு வந்ததும், பாகங்களை வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். முதல்முறை பவர் கொடுக்கும்போது, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய சப்ளையில் குறைந்த வரம்பை வைத்துக் கொடுங்கள்.

மொத்தத்தில், ஈஆர்சி காட்டும் பூஜ்ஜியம் என்பது நீங்கள் கொடுத்த பெயர்களும் பின் வகைகளும் அதன் விதிகளுக்குள் முரண்படவில்லை என்பதற்கான சான்று மட்டுமே. அந்தப் பெயர்கள் சரியா என்பதை மென்பொருள் சொல்லாது. வரைந்தவர்தான் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும் அந்த வேலை, ஒரு போர்டையும் சில வார உழைப்பையும் மிச்சப்படுத்தும். மெயின்ஸ் போர்டாக இருந்தால், அதைவிடப் பெரியதையும்.